காத்து இறக்குற கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

வியாசர்பாடியில இருந்து பேசறேன். இன்னைக்கு எபிசோடு லாரி டயரைப் பத்தி. "எனக்கு லாரியே ஓட்டத் தெரியாது, இது எதுக்கு?"னு உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க. எண்ணூர் விரைவுச் சாலையில பைக் ஓட்டுற யாரா இருந்தாலும், இது உங்க உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்தான்.

நம்ம பக்கத்து லாரி எல்லாம் தார் ரோட்டுல மட்டும் ஓடறதில்ல. வட சென்னை அனல் மின் நிலையத்தோட சாம்பல் குளத்துக்குள்ள இறங்குது. கொடுங்கையூர் குப்பை மேட்டு மேல ஏறுது. மணல் கொட்டி மேடாக்குற இடத்துல, கட்டட இடிபாட்டுல, மழைக்காலச் சேத்துல எல்லாம் போகுது. வெளியூர்ல ஜீப் வச்சிருக்கறவங்க ஆஃப்ரோடுனு ஆசைக்குப் போவாங்க. இங்க அது தினக்கூலி வேலை.

அப்படிப்பட்ட இடத்துல லாரி புதைஞ்சா டிரைவர் என்ன பண்ணுவாரு? டயர்ல இருந்து கொஞ்சம் காத்தை இறக்குவாரு. வண்டி மெதுவா ஏறி வெளியே வந்துடும். இது எப்படி வேலை செய்யுது?

பலூன் பாடம்

ஒரு பலூனை நல்லா இறுக்கமா ஊதி மேசை மேல அழுத்திப் பாருங்க. தொடுற இடம் சின்ன வட்டமா இருக்கும். பாதி காத்தை விட்டுட்டு அதே அளவு அழுத்துங்க. வட்டம் பெருசாகும். டயரும் இதேதான். பலூனுக்கும் டயருக்கும் நம்ம பக்கத்துல ஒரு சொந்தமும் இருக்கு. எம்ஆர்எஃப் கம்பெனி 1946ல திருவொற்றியூர்ல ஒரு சின்ன கொட்டகையில பொம்மை பலூன் செஞ்சுதான் ஆரம்பிச்சுது. 1952ல டயர் மேல ஒட்டுற டிரெட் ரப்பருக்கு வந்தாங்க. 60களின் தொடக்கத்துல, அமெரிக்காவோட மான்ஸ்ஃபீல்டு கம்பெனி கூட்டுல டயர் தயாரிப்பு.

இப்ப கணக்குக்கு வருவோம். பின் அச்சுல நாலு டயர் இருக்கற லாரிக்கு, அந்த அச்சு மேல 11.5 டன் வரைக்கும் ஏத்தலாம்னு 2018ல மத்திய அரசு மாத்துச்சு. ஒரு டயருக்கு 2,875 கிலோ. டயர்ல 110 பிஎஸ்ஐ காத்து இருக்குன்னா, சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 7.7 கிலோ அழுத்தம். வகுத்துப் பார்த்தா, அந்த டயர் தரையைத் தொடுற இடம் ஏறக்குறைய 370 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாளுல பாதியை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கிட்டத்தட்ட மூணு டன் அந்தச் சின்ன இடத்துல நிக்குது. தார் ரோடு தாங்கும், சாம்பல் தாங்காது.

காத்தைப் பாதியாக்கினா, பாதம் ரெண்டு மடங்காகும். ஒரு முழு ஏ4 தாளை விடப் பெருசு. டயரோட பக்கச் சுவரும் கொஞ்சம் சுமை தாங்கும்கறதால நிஜத்துல இந்தக் கணக்கு அப்படியே துல்லியமா வராது. ஆனா போக்கு இதுதான். இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, பாதம் அகலத்தை விட நீளத்துலதான் அதிகம் வளரும். டிராக்டர் செயின் மாதிரி நீளமா படிஞ்சு, மண்ணு மேல மிதந்து போகும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்ல. ரால்ஃப் பேக்னால்டுனு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, 1920கள்லயும் 30கள்லயும் எகிப்து, லிபியா பாலைவனத்துல ஃபோர்டு கார்கள்ல சுத்தினவரு. மணல்ல டயர் காத்தைக் குறைச்சு ஓட்டுற வித்தையை அவர் கூட்டம் நல்லா பழகி வச்சிருந்துச்சு. இரண்டாம் உலகப் போர்ல டக் அப்படின்னு ஒரு அமெரிக்க லாரி வந்துச்சு. தண்ணியில மிதக்கும், கரையேறி ரோட்டுலயும் ஓடும். டிரைவர் சீட்டுல உக்காந்தபடியே காத்தை இறக்கலாம், ஏத்தலாம். கடற்கரை மணலுக்கு ஒரு அளவு, ரோட்டுக்கு ஒரு அளவு.

பேக்னால்டு கதையில நமக்கு வேண்டியது காத்து இறக்குற பாதி. டக் லாரி கதையில வேண்டியது திரும்ப ஏத்துற பாதி. நம்ம ஊர்ல பிரச்சினை இந்த ரெண்டாவது பாதியிலதான்.

ஏத்தாம விட்டா என்ன ஆகும்?

லாரி டயரோட சுற்றளவு ஏறக்குறைய 3.3 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 300 சுத்து. காத்து கம்மியா இருந்தா ஒவ்வொரு சுத்துலயும் பக்கச் சுவர் மடங்கி நிமிருது. 15 கிலோமீட்டர் போனா 4,500 தடவை. ஒரு கம்பியை எடுத்துத் திரும்பத் திரும்ப வளைச்சா, வளையற இடம் சூடாகி கடைசியில முறியும் இல்லையா? அதேதான் டயருக்குள்ள இருக்கற கம்பிக்கும் நூலுக்கும் நடக்குது. சாம்பல் குளத்துக்குள்ள ஆமை வேகத்துல போறப்போ இந்தச் சூடு பெருசா ஏறாது. அதே காத்தோட ரோட்டுல 60ல போனா, டயர் வெந்துடும்.

பின்னாடி ஜோடி டயர் இருக்கற வண்டிக்கு இன்னொரு ஆபத்து. காத்து இறங்கினா ரெண்டு டயரோட வயிறும் உப்பி ஒண்ணோட ஒண்ணு உரசும். நடுவுல ஒரு கல்லு மாட்டினா இன்னும் மோசம். டியூப் உள்ள டயர்னா, பிடி தளர்ந்து டயர் ரிம் மேல வழுக்கி, வால்வையே பிச்சுடும். ராணுவத்துக்காகச் செய்யற பல லாரிகள்ல பின்னாடி ஒத்தை டயர் இருக்கும், பார்த்திருப்பீங்க. முன் சக்கரம் போன தடத்துலயே பின் சக்கரமும் போகும், உரசலும் கிடையாது.

எந்த மண்ணுக்கு எந்த டயர்?

எங்க ஏரியா பஞ்சர் கடை அண்ணன் கிட்ட "எது நல்ல டயர்?"னு கேட்டா, "எங்க ஓட்டப் போற?"னுதான் முதல்ல திருப்பிக் கேப்பாரு. அதுதான் சரியான கேள்வி.

நீள நீளமா கோடு போட்ட ரிப் டயர் தார் ரோட்டுக்கு. நேரா போகும், ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்கும். அதனால முன்னாடி போடுவாங்க. குறுக்கே பெரிய பெரிய கட்டையா இருக்கற லக் டயர் மண்ணைக் கடிச்சு இழுக்கும். இன்ஜின் இழுவை போற பின் அச்சுல போடுவாங்க. சேத்துக்கு லக் ரொம்ப உதவும், ஏன்னா கட்டைக்கு நடுவுல இருக்கற அகலப் பள்ளத்துல இருந்து சேறு தானா உதறிப் போயிடும். பள்ளம் அடைஞ்சு போச்சுன்னா எந்த டயரும் மொட்டை டயர்தான்.

அடுத்தது நைலானா, ரேடியலா? ரேடியல்ல பக்கச் சுவர் மெலிசு, இளகி வளையும். அதனால காத்து குறைச்சா பாதம் அழகா நீளும், ரோட்டுல சூடும் கம்மி. நைலான் டயர்ல பக்கச் சுவர் தடிமன். இடிபாட்டுல கம்பி, கண்ணாடி கிழிக்கறதை அது கொஞ்சம் அதிகமா தாங்கும். அதனால கூரான கல்லும் கம்பியும் இருக்கற இடத்துல காத்து இறக்கறது புத்திசாலித்தனம் இல்ல. வயிறு உப்பினா பக்கச் சுவர்தான் முதல்ல வெட்டு வாங்கும். மணல், சாம்பல்னா இறக்கலாம். கொடுங்கையூர் மாதிரி என்ன புதைஞ்சிருக்குன்னே தெரியாத இடத்துல யோசிக்கணும். எவ்வளவு இறக்கலாம்கறதை சுமையையும் வேகத்தையும் வச்சுத்தான் முடிவு பண்ணணும். டயர் கம்பெனிகளோட அட்டவணையில அது இருக்கும். குத்துமதிப்பு வேண்டாம்.

யார் தலையில?

காத்து திரும்ப ஏத்த வழி இல்லாம இல்ல. ஏர் பிரேக் வண்டியில கம்ப்ரசர் இருக்கு, பல லாரியில அதுலயே ஓஸ் மாட்டி காத்து பிடிக்கலாம். ஆனா பத்து டயருக்கும் பிடிக்க நேரம் ஆகும். டிரிப் கணக்குல சம்பளம் வாங்கற டிரைவருக்கு அந்த நேரத்துக்கு யாரும் காசு தர்றதில்ல. அதனால பாதி காத்தோட வண்டி ரோட்டுக்கு வந்துடுது. டயர் வெடிச்சா, "உன் கவனக் குறைவு"னு அவர் கணக்குலயே பிடிக்கிற முதலாளியும் உண்டு.

முதலாளிக்கும் இதுல லாபம் இல்ல. டயரோட உண்மையான முதல் அதோட உள் கூடு, அதாவது கேசிங். கூடு நல்லா இருந்தா மேல புது டிரெட் ஒட்டி இன்னொரு தடவை ஓட்டலாம். காத்து இல்லாம ஓட்டின டயர்ல கூடு உள்ளுக்குள்ளயே செத்துடும். வெளியே பார்த்தா தெரியாது.

அந்தத் தெரியாத காயம் கடைசியில பஞ்சர் கடைக்கு வருது. உள்ளே கம்பி நைஞ்ச ரேடியல் டயருக்கு மறுபடி முழுக் காத்து அடிக்கும்போது, பக்கச் சுவர் ஜிப்பைத் திறந்த மாதிரி நீளமா கிழிஞ்சு வெடிக்கலாம். ரிங் போட்ட பழைய ரிம்னா, சரியா உக்காராத ரிங் தெறிச்சு ஆளை அடிக்கும். அதனாலதான் ரொம்ப கம்மி காத்துல ஓடின டயரை, முழுசா காத்து இறக்கி, கழட்டி, உள்ளே பார்த்துட்டு, இரும்புக் கூண்டுக்குள்ள வச்சுக் காத்து அடிக்கணும்னு உலகம் முழுக்கப் பாதுகாப்பு விதி சொல்லுது. கூண்டு இல்லாத கடையில, டயருக்கு நேரா நிக்காம, நீளமான ஓஸோட தள்ளி நின்னு அடிக்கறதுதான் குறைஞ்சபட்சப் பாதுகாப்பு. ஆனா பெரும்பாலும் அங்க குனிஞ்சு உக்காந்திருக்கறது, வேலை கத்துக்க வந்த ஒரு பையன்.

லாரி வச்சிருக்கற குடும்பத்துல இருந்து யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா, ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒரு நல்ல கேஜ் வாங்கி வண்டியில போடுங்க; கட்டையால தட்டிப் பார்த்தா செத்த டயர் தெரியும், குறைஞ்ச டயர் தெரியாது. ரெண்டு, காத்து பிடிக்கற நேரத்தையும் டிரிப் கூலியில சேருங்க. ஒரு டயர் விலைக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல.

பைக்ல போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. லாரியோட பின் சக்கரத்துக்குப் பக்கத்துல ஒட்டி ஓட்டாதீங்க. முந்தணும்னா சீக்கிரம் முந்துங்க, இல்லன்னா பின்னாடி தள்ளி வாங்க. வயிறு உப்பின டயர் கண்ணுல பட்டா, சிக்னல்ல டிரைவர் கிட்ட "அண்ணே, பின்னாடி காத்து கம்மியா இருக்கு"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உயரத்துல உக்காந்திருக்கற அவருக்கு அது தெரியாது.

அடுத்த வாரம் பார்க்கலாம். பத்திரமா ஓட்டுங்க.