ஓடும் சாலை யாருடையது?

செப்டம்பர் மாதம் நெருங்கும்போது மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு வரும். அண்ணா பிறந்தநாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் நெடுந்தூர ஓட்டப் போட்டி பற்றிய அறிவிப்பு அது. அண்மை ஆண்டுகளில் 25 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், அதற்கு மேற்பட்ட ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5 கிலோமீட்டர் என்று தூரம் வைத்து நடத்துகிறார்கள். முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000. பத்தாம் இடம்வரை வருபவர்களுக்கும் தலா 1,000 ரூபாய் உண்டு. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் இது சிறிய தொகை அல்ல.

பரிசை விடப் பெரிய காரணமும் இருக்கிறது. மத்தியக் காவல் படைகளின் காவலர் தேர்வில் ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டு ஓட்டத்தில் தோற்றுத் திரும்பும் பிள்ளைகள் நம் குடியிருப்புகளில் அதிகம். நெடுந்தூர ஓட்டத்துக்குப் பழகிய கால்களுக்கு இந்தத் தேர்வு மலைப்பாக இருக்காது.

ஆனால் பழகுவதற்கு ஓர் இடம் வேண்டும். பல ஊர்களில் சேரிக்கென்று மைதானம் கிடையாது. இருப்பது சாலை மட்டும்தான். அந்தச் சாலை பெரும்பாலும் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் போகிறது.

சாலைக்காக நடந்த சண்டை

பொதுச் சாலையில் நடப்பதற்கே நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது. இரட்டைமலை சீனிவாசன், வீரையன் போன்ற உறுப்பினர்கள் சென்னை சட்டமன்றத்தில் குரல் கொடுத்ததன் விளைவாக, பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று 1924-ல் தீர்மானம் நிறைவேறியது. அதே 1924-ல்தான் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் போராட்டமும் தொடங்கியது. பின்னர் அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் கிணறு, குளம், படித்துறையோடு ‘சாலை’ என்ற சொல்லும் இடம் பெற்றது. ஒரு நாட்டின் அரசியல் சட்டம் சாலையைத் தனியாகப் பெயர் சொல்லிக் காக்க வேண்டியிருந்தது என்றால், அந்தச் சாலையில் என்ன நடந்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

செருப்பின் கதையும் இதுவே. ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட பாட்டன்களைப் பற்றிக் கேட்காத குடும்பம் நம்மில் இல்லை. பொது இடத்தில் செருப்பு அணியவோ சைக்கிள் ஓட்டவோ விடாமல் தடுப்பதை, 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் தனிக் குற்றமாகவே குறிப்பிடுகிறது. ஷூ போட்டுக்கொண்டு ஓடும் பிள்ளையை ‘இந்தப் பக்கம் ஓடாதே’ என்று சாதியைச் சொல்லி மறிப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மறிக்கப்படும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெறுங்கால் பெருமையா?

ஓட்டம் என்றதும் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவை உதாரணம் காட்டுவார்கள். ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்து அரண்மனைக் காவல் படையில் சேர்ந்தவர் அவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரையும் வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் தங்கம் வென்றார். எத்தியோப்பியாவுக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம். அவர் ஓடிய வழியில் ஒரு பழைய கல்தூண் நின்றது. எத்தியோப்பியாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் முசோலினியின் இத்தாலி அக்சும் நகரிலிருந்து பெயர்த்து வந்த தூண் அது. அதைக் கடந்தபோதுதான் பிகிலா கடைசி வேகமெடுத்தார்.

இந்தக் கதையின் மறுபாதியைப் பலர் சொல்வதில்லை. கிடைத்த புது ஷூ காலுக்குச் சரியாக அமையாததால்தான் அவர் வெறுங்காலில் ஓடினார். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடினார். அப்போது 2 மணி 12 நிமிடம் 11 வினாடி. மூன்று நிமிடம் குறைந்தது, தங்கமும் கிடைத்தது. வெறுங்காலில் ஓடுவதா ஷூவோடு ஓடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருந்தது. நம் பாட்டன்களிடம் அது இல்லை. ஆகவே ‘வெறுங்காலில் ஓடினாலே போதும்’ என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது அறிவுரை சொன்னால், முதலில் ஒரு ஜோடி ஷூ வாங்கித் தந்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

உழைக்கும் உடம்புக்கு ஒரு பயிற்சி

நகரத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. நாள் முழுக்க நடவு நட்டு, சித்தாள் வேலை பார்த்து, செங்கல் சுமந்து வரும் உடம்பு ஏற்கெனவே பாதிப் பயிற்சியை முடித்துவிடுகிறது. கடும் வேலை செய்த மறுநாள் ஓட வேண்டாம். ஓய்வும் பயிற்சியில் ஒரு பங்குதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் போட்டிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. முதல் மூன்று வாரம், வாரத்துக்கு நான்கு நாள், அரை மணி நேரம் போதும். மூன்று நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடங்கள். பக்கத்தில் ஓடும் தோழியோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். பிறகு நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட தூரம். அதை ஒரே தாவலாகக் கூட்டாமல் வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் ஏற்றினால் முழங்காலும் கெண்டைக்காலும் தாங்கும். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் கொஞ்சம் இறக்குங்கள்.

தூரம் அளக்கக் கைக்கடிகாரமோ செயலியோ கட்டாயமில்லை. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் நட்டிருப்பார்கள். இரண்டு மாதம் பழகிய பிறகு, வாரத்தில் ஒரு நாள் இரண்டு சிறு கல் தூரத்தை, அதாவது 400 மீட்டரை, வேகமாக ஓடி, அதே தூரத்தை நடந்து, ஆறு முறை திரும்பச் செய்யுங்கள். போட்டிக்கு முந்திய வாரம் பாதி தூரம் போதும்.

விடியற்காலையில் ஓடும்போது எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரத்தில் ஓடுங்கள். வெளிர்நிறச் சட்டை போடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். தனியாக ஓடாமல் நாலைந்து பேராக ஓடுவது வண்டிக்கும் பாதுகாப்பு, வம்புக்கும் பாதுகாப்பு.

சாப்பாடும் தண்ணீரும்

டப்பாவில் விற்கும் சத்துமாவு தேவையில்லை. கம்மங்கூழ், கேழ்வரகுக் களி, நிலக்கடலை, முருங்கைக்கீரை, முட்டை, கருவாடு போதும். மாட்டுக்கறி சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகள் அதை மறைக்க வேண்டியதில்லை. இரும்புச்சத்துக்கு அதைவிட மலிவாகக் கிடைக்கும் நல்ல உணவு குறைவு.

இரும்புச்சத்தைச் சொல்லக் காரணம் உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தசோகையோடு ஓடினால் சீக்கிரம் மூச்சு வாங்கும், தலை சுற்றும். ‘உன்னால் முடியாது’ என்று மற்றவர் சொல்வதற்கு முன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குறை இருந்தால் மாத்திரை அங்கேயே கிடைக்கும்.

போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்காதீர்கள். உடம்பில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஓடும்போது பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி 108-ஐ அழைக்க வேண்டும்.

போட்டியன்று புது ஷூ கூடாது. முதல் கிலோமீட்டரில் எல்லோரும் பாய்வார்கள். அவர்கள் பின்னால் போகாதீர்கள். பாதிக்கு மேல் அவர்களில் பலர் உங்கள் பின்னால் இருப்பார்கள்.

தங்கைகளும் ஓடட்டும்

பெண்களால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று சொல்லியே, 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைக்கவில்லை. நம் வீடுகளிலும் இன்றுவரை அதே பேச்சுதான். நாசிக் மாவட்டத்துச் சாவர்பாடா என்ற பழங்குடிக் கிராமத்தில் பிறந்த கவிதா ராவுத், 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டரில் வெண்கலம் வென்றார். அதே ஆண்டு ஆசியப் போட்டியில் வெள்ளி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடினார். தண்ணீர் எடுக்கவும் விறகு சுமக்கவும் மைல்கணக்கில் நடக்கலாம் என்றால், தனக்காக ஐந்து கிலோமீட்டர் ஓடக் கூடாதா?

கேட்க வேண்டியவை

பெருநகர மாரத்தான்கள் பலவற்றில் நுழைவுக் கட்டணமே ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அரசு நடத்தும் போட்டிக்கு மாவட்டத் தலைநகருக்குக் காலை ஆறு மணிக்கு வந்து சேர வேண்டும். அதற்கு முன் பல காலனிகளுக்கு முதல் பேருந்தே வருவதில்லை. ஆகவே ஊராட்சி ஒன்றிய அளவிலும் இந்த ஓட்டங்கள் நடக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் விடியற்காலைப் பயிற்சிக்கு அனுமதியும், ஓடும் மாணவர்களுக்கு ஷூவும் கூடுதல் முட்டையும் தர வேண்டும். சேரிக்குப் போகும் சாலையில் எரியாத விளக்குகள் எரிய வேண்டும். இவற்றைக் கிராம சபையில் தீர்மானமாகப் போடலாம்.

சாலையில் யாராவது மறித்தால் தேதி, நேரம், இடம், சாட்சி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் வன்கொடுமைத் தடுப்புக் கண்காணிப்புக் குழு இருக்கிறது. நகலை அங்கேயும் அனுப்புங்கள். மறுநாள் பயிற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள். வழி மாறினால் மறித்தவர் வென்றதாகிவிடும்.

செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே நாலு பேராகத் தொடங்குங்கள்.