செங்கற்பட்டில் ஓர் ஆய்வும் ஓர் அரசாணையும்

மக்கள் வாழ்நிலையை ஆராய்ந்து எழுதும் குறிப்பு அரசின் கொள்கையை மாற்ற வல்லதோ என்னும் வினாவிற்குச் செங்கற்பட்டு மாவட்ட வரலாறு விடை தருகின்றது. 1891-ஆம் ஆண்டில் அம்மாவட்ட ஆட்சித் தலைவர் பொறுப்பிலிருந்த திரெமென்கீர் என்பார், பறையர் நிலை குறித்து விரிவானதோர் அறிக்கையை அரசுக்கு விடுத்தார்.

அவ்வறிக்கையின் சிறப்பு யாது? வறுமையின் காரணத்தை அது மக்களின் இயல்பில் தேடாது, நிலவுரிமையில் தேடிற்று. 'காணியாட்சி' எனவும் 'மிராசு' எனவும் வழங்கிய உரிமை இப்பகுதியில் ஆழ வேரூன்றியிருந்தது. எல்லீசு தமது 1818-ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்ததும் இவ்வுரிமையையே. ஊர்த் தரிசை உழைப்பாளி ஒருவர் விண்ணப்பித்துக் கேட்பினும் மிராசுதாரர்க்கே முதலுரிமை இருந்தது. குடியிருக்கும் மனையும் பலர்க்குச் சொந்தமன்று. ஆதலின் எதிர்த்துப் பேசுவோர் வீட்டையும் இழக்க நேரும். 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமையுரிமைக்கு நீதிமன்ற ஏற்பை மறுத்த பின்னரும், கடன் அவர்களைப் பண்ணையிற் பிணித்து வைத்தது. இவற்றை ஒருங்கு நோக்குவார்க்கு, மனையும் நிலமும் வழங்குதலே தீர்வு என்பது தானே பெறப்படும்.

வருவாய் வாரியம் உடன்படவில்லை. எனினும், ஆடம் ஆண்ட்ரூ முதலிய கிறித்தவப் பணியாளர் எழுப்பிய குரலும் துணைநிற்க, 1892 செப்டம்பர் 30-இல் 1010, 1010-ஏ எண்ணுள்ள ஆணைகள் பிறந்தன. தரிசு நிலம் ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு வரை விற்றலாகாது, அதன் பின்னும் அவ்வகுப்பினர்க்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இவையே பஞ்சமி நிலங்கள். இவற்றின் பரப்பு 12 இலட்சம் ஏக்கர் என்பது பெருவழக்கு.

ஆயினும் அந்நிலங்களுட் பல பிறர் கைக்கு மாறின. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் எழுந்த நில மீட்புப் போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10-இல் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்துக் காணின் ஓர் உண்மை புலனாகும். ஆணைக்கு முன் நிகழ்ந்த கூர்ந்த ஆராய்ச்சி, ஆணைக்குப் பின் தொடரவில்லை. நிலம் கொடுத்ததோடு கடமை முடிந்ததெனக் கொண்டமையால், வறுமையும் கடனும் மீண்டும் அதனைப் பறித்ததை உரிய காலத்தில் கண்டறிவார் இலராயினர். கிழக்குக் கடற்கரைச் சாலையால் நிலவிலை ஏறிவிட்ட இப்பகுதியில், பழைய நிலப் பதிவேட்டை இன்றைய பட்டாவோடு ஊர்தோறும் ஒப்பிடுதல் வேண்டும். அந்நிலத்தை இன்று உழுவார் யாவர் என்பதையும் நேரிற் சென்று காண்டல் வேண்டும். அம்முடிவுகள் அலுவலகத்தில் உறங்காமல், நிலத்திற்குரிய மக்களும் படித்தறியுமாறு எளிய தமிழில் வெளிவருதல் வேண்டும். அப்பணியில் தமிழ்த்துறையினராகிய நமக்கும் பங்குண்டு.