மூங்கிலில் கறுப்பு மாவு!

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு முடிந்துவிட்டது. பந்தலைப் பிரித்தாகிவிட்டது.

பந்தலுக்கு நட்ட மூங்கில் ஒன்று வீட்டுக் கொல்லையில், சுவர் ஓரமாகச் சாய்ந்து கிடக்கிறது. ஐப்பசி மழை அதை நனைக்கிறது. கார்த்திகையில் அந்த மூங்கிலைத் தூக்கிப் பாருங்கள்.

மேல்தோல் அங்கங்கே கீறியிருக்கும். கீறல் வழியாகக் கறுப்பு மாவு தெரியும். விரலால் தொட்டால், அடுப்புக் கரி போல ஒட்டிக்கொள்ளும்.

"பூஞ்சணம் பிடித்துவிட்டது" என்று சொல்லிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விடுவோம்.

பூஞ்சணம்தான். ஆனால் எந்தப் பூஞ்சணம்?

இது வீண் கேள்வி அல்ல. மூங்கிலில் மட்டும் 1,100-க்கு மேற்பட்ட பூஞ்சைக் காளான் வகைகள் உண்டு என்று விஞ்ஞானிகள் 2002-ல் கணக்குச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 1961-ல், ஜப்பானைச் சேர்ந்த இவாவோ ஹினோ என்பவர் மூங்கில் காளான்களுக்கு என்றே ஒரு படப் புத்தகம் வெளியிட்டார்.

இத்தனை வகையில் நம் வீட்டு மூங்கிலில் இருப்பது எது? வெறும் கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்புத்தான்.

ஒரு சொட்டு நீலம்

கண்டுபிடிக்கும் வழி சுலபமானது. கல்லூரி மாணவர்கள்கூடச் செய்துவிடுவார்கள்.

ஒட்டு நாடாவைக் கறுப்பு மாவின் மேல் வைத்து மெதுவாக எடுக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டு, அதன் மேல் நாடாவைப் பதிக்க வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

அடடா! மாவு என்று நினைத்தோமே, அது மாவே அல்ல. ஆயிரக்கணக்கான விதைகள்! பூஞ்சையின் விதையை 'வித்து' என்பார்கள்.

ஒரு வித்தின் அகலம் ஏறக்குறைய 10 மைக்ரான். 100 வித்துக்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். நம் தலைமுடி ஒன்றின் பருமனில் ஏழு வித்துக்களை அடுக்கிவிடலாம்.

அவற்றின் உருவம்தான் துப்பு. மேலிருந்து பார்த்தால் வட்டம். பக்கவாட்டில் பார்த்தால் மைசூர்ப் பருப்பு போல நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்திருக்கும். நிறம் கரும்பழுப்பு. விளிம்பைச் சுற்றி மட்டும் வெளுத்த கோடு ஒன்று ஓடும்.

அந்தக் கோடு அழகுக்காக ஏற்பட்டது அல்ல. ஈரம் பட்டு வித்து முளைக்கும்போது, கோட்டின் வழியேதான் முளை வெளியே வரும்.

பருப்பு உருவமும் வெளுத்த கோடும் சேர்ந்து இருந்தால், அது 'அபியோஸ்போரா' என்ற பூஞ்சை இனமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் குறித்துக்கொள்வார்.

அதே மூங்கிலில் வேறு வித்துக்களும் தென்படலாம். மணிமாலை போல வித்துக்கள் கோத்திருந்தால் அது 'டோருலா'. நான்கு தூண்களைச் சேர்த்து நிறுத்தி, ஒவ்வொரு தூணின் நுனியிலும் ஒரு வால் வைத்தது போல் இருந்தால் அது 'டெட்ராப்ளோவா'. இதை ஒரு முறை பார்த்தவர் பிறகு மறக்கவே மாட்டார்!

காளானுக்கு அர்த்தசந்திரன் பெயர்

வித்தின் உருவத்தைப் பார்த்து இனம் பிரிப்பதில் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவர்தான் பேராசிரியர் சி. வி. சுப்பிரமணியன்.

1924-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி. எஸ். சதாசிவனிடம் ஆராய்ச்சி பயின்றவர். 1965-ல் பட்நாகர் பரிசு பெற்றார். இந்தியாவின் நுண்காளான்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1971-ல் வெளிவந்தது. 2016-ல் காலமானார்.

புதிய காளான்களுக்கு லத்தீன், கிரேக்கப் பெயர் வைப்பதுதான் வழக்கம். இவரோ நம் நாட்டுப் பெயர்களைச் சூட்டினார். பாதி நிலா போன்ற வித்துக்களைக் கொண்ட ஒரு காளான் இனத்துக்கு, 1978-ல் சக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து 'அர்த்தசந்திரா' என்று பெயரிட்டார். இன்னொன்றின் பெயர் 'குடிலகேசா'. சுருண்ட மயிர் என்று பொருள். நம் குண்டலகேசியின் தங்கை போலத் தோன்றுகிறது அல்லவா?

பெயர் விஷயத்தில் வழக்குகளும் உண்டு. நம் ஊரில் ஒரே பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருக்கும். பூஞ்சைக்கும் அப்படித்தான். மூங்கில் பூஞ்சையின் ஒரு பருவத்தை 'ஆர்த்ரினியம்' என்றும், மற்றொரு பருவத்தை 'அபியோஸ்போரா' என்றும் அழைத்து வந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 2013-ல் சேர்த்தார்கள். மரபணுவைச் சோதித்து, 2021-ல் மறுபடியும் பிரித்தார்கள்! மூங்கிலில் வளர்பவை பெரும்பாலும் அபியோஸ்போரா பக்கம் போய்விட்டன.

குழந்தைகளைக் கொன்ற கரும்பு

"பெயர் எதுவானால் நமக்கு என்ன?" என்று கேட்கலாம். சீனாவில் நடந்ததைக் கேளுங்கள்.

மூங்கிலும் கரும்பும் ஒரே புல் சாதி. மூங்கிலில் குடியிருக்கும் பூஞ்சையின் உறவினர்கள் கரும்பிலும் குடியேறுவார்கள்.

சீனாவின் தென்பகுதியில் விளையும் கரும்பை வடபகுதிக்குக் கொண்டுபோய், குளிர்காலம் முழுவதும் அடுக்கி வைத்து, பிறகு விற்பார்கள். அதைக் கடித்துத் தின்ற குழந்தைகள் சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தார்கள். தலை சுற்றியது. கை கால் இழுத்துக்கொண்டது. சிலர் நினைவு இழந்தார்கள். பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கை கால் முறுக்கிக்கொண்டு, நிரந்தர ஊனம் ஆகிவிட்டது.

1972 முதல் 1988 வரை 884 பேர் பாதிக்கப்பட்டார்கள். 88 பேர் மாண்டார்கள்.

காரணம் என்ன? பூச்சி மருந்தா? கெட்ட தண்ணீரா?

மிச்சம் கிடந்த கரும்பை எடுத்து ஆராய்ந்தார்கள். அதிலிருந்த பூஞ்சையைப் பிரித்து வளர்த்தார்கள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, பருப்பு போன்ற அதே கறுப்பு வித்துக்கள்! ஆர்த்ரினியம்!

அது உண்டாக்கும் விஷத்தின் பெயர் நைட்ரோபுரோபியானிக் அமிலம். மூளை அணுக்களுக்குச் சக்தி கிடைக்காமல் தடுத்துவிடும் விஷம் அது. அதற்கு மாற்று மருந்து இல்லை.

வித்தை அடையாளம் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் குற்றவாளி அகப்பட்டான்.

பொங்கல் கரும்பு

இதைப் படித்துவிட்டுக் கரும்பையே தள்ளி வைக்க வேண்டாம். வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கம் வெட்டி வரும் புதுக் கரும்பைத் தாராளமாகத் தின்னலாம்.

பொங்கல் முடிந்தும் மூலையில் வாரக் கணக்காகக் கிடக்கும் கரும்பைத்தான் கவனிக்க வேண்டும். வெட்டிய முனையில் பூஞ்சணம், உள்ளே சிவப்பு அல்லது பழுப்பு நிறம், புளித்த வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

உள்ளே சிவந்த கரும்பு எல்லாம் விஷக் கரும்பு அல்ல. வயலிலேயே வரும் செவ்வழுகல் நோயாலும் கரும்பு சிவக்கும். அது வேறு பூஞ்சை. எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகையால் தூக்கி எறிந்துவிடுவதே நல்லது.

கொல்லையில் கிடக்கும் மூங்கிலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அதை யாரும் கடித்துத் தின்னப் போவதில்லை. ஈரத்துணியால் துடைத்து, நிழலான உலர்ந்த இடத்தில் வையுங்கள். இழுப்பு நோய் உள்ளவர்கள் அந்தத் தூசியை மூச்சில் இழுக்காமல் இருப்பது நல்லது. அடுத்த முறை மூங்கில் வாங்கினால், முன்னோர் செய்தது போலத் தண்ணீரில் ஊறப் போட்டுப் பிறகு காய வையுங்கள். ஊறும்போது மூங்கிலில் உள்ள மாவுச்சத்து கரைந்துவிடும். பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் தீனி குறைந்துவிடும்.

பழைய கரும்பைத் தின்ற குழந்தை வாந்தி எடுத்தால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். தின்று மிச்சம் வைத்த கரும்புத் துண்டையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.