பூட்டும் சட்டமும்

விலை கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்ப்பது குற்றமாகுமா? டி.வி.டி. படத்தட்டுகளைப் பற்றி நார்வே நீதிமன்றங்கள் 2003-ம் வருஷத்தில் இக்கேள்விக்கு அளித்த பதிலை, சட்டம் இயற்றுவோர் போதிய அளவு கவனித்ததாக நமக்குத் தோன்றவில்லை.

திருட்டைத் தடுப்பதற்கென்று ஹாலிவுட் முதலாளிகள் இத்தட்டுகளில் படத்தைக் கலைத்துப் பதித்து, அதைச் சீர்படுத்தும் சாவியை உரிமம் பெற்ற யந்திரங்களுக்குள் வைத்தார்கள். சாவி என்பது பூஜ்யமும் ஒன்றும் கலந்த 40 இலக்கங்களே. பூட்டையும் சாவியையும் ஒரே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்காரன் சாவியைக் காணலாகாது என்பது விசித்திரமான காவல்! ஒரு கம்பெனி தன் மென்பொருளில் சாவியைச் சரியாக மறைக்கத் தவறியது; 1999 அக்டோபரில் டி.ஸி.எஸ்.எஸ். என்னும் திறப்புக் கருவி உலகெங்கும் பரவிவிட்டது. ஆனால் தொழில்முறைக் கள்வனுக்கு இக்கருவி தேவையே இல்லை. அவன் பூட்டோடு சேர்த்தே தட்டை அச்சடித்து விற்கக்கூடியவன். பூட்டினால் தவித்தவர், லினக்ஸ் கம்ப்யூட்டரில் சொந்தத் தட்டைப் பார்க்க விரும்பியவரே.

கருவியை வெளியிட்டோரில் ஒருவர் யோன் யோஹான்சன் என்னும் 15 வயது நார்வேச் சிறுவர். அவர்மீது தொடுத்த வழக்கில் ஆஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரியில் அவரை விடுதலை செய்தது. டிசம்பரில் மேல் நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. உடையவன் தன் தட்டைத் திறப்பது அத்துமீறலாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவிலோ 1998-ம் வருஷத்துச் சட்டம் பூட்டை உடைப்பதையே தனிப் பிழையாக்கியது. அதன்படி நியூயார்க் நீதிமன்றம் 2000-ல், ஒரு பத்திரிகை அக்கருவியை வெளியிடக் கூடாதென்றும், கிடைக்குமிடத்துக்கு இணைப்புத் தரவும் கூடாதென்றும் தடை விதித்தது. பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாம் இதை எப்படி ஒப்புவது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவு இவ்விஷயத்தில் விவேகமானது. உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்போருக்கே 2 வருஷம் வரை சிறையும் அபராதமும். எனினும் அதில் ஒரு முள் இருக்கிறது. நியாயமான காரியத்துக்காகப் பிறருக்குப் பூட்டைத் திறக்க உதவுவோர், அவருடைய பெயர், விலாசம், காரணம் யாவற்றையும் பதிவு செய்து வைக்கவேண்டுமாம். குற்றமற்ற செயலுக்குக் குற்றப் பதிவேடு எதற்கு? இந்நிபந்தனையைப் பார்லிமெண்ட் நீக்கவேண்டும்.