மின்சாரம் இசையாகும் வகை

நரம்பு அதிர்ந்தால் யாழ் ஒலிக்கிறது. காற்று அதிர்ந்தால் குழல் ஒலிக்கிறது. மின்சாரம் அதிர்ந்தாலும் இசை பிறக்கும். மின்னழுத்தத்தை விநாடிக்குச் சில நூறு முறை ஏற்றி இறக்கி ஒலிபெருக்கிக்குச் செலுத்தினால், அதன் கூம்பு அதே வேகத்தில் அசைந்து காற்றை அதிரச் செய்யும். சிந்தசைசர் எனும் மின்னிசைக் கருவியின் அடிப்படை இதுவே.

இக்கருவியை உலகறியச் செய்தவருள் தலையாயவர் அமெரிக்கரான ராபர்ட் மோக் (1934–2005). ரஷ்யரான லெவ் தெர்மின் 1920-ஆம் ஆண்டளவில் கண்ட, கைபடாமலே ஒலிக்கும் 'தெர்மின்' கருவியைப் பள்ளிப் பருவத்திலேயே தம் கையால் அமைத்துப் பழகியவர் அவர். அப்பழக்கமே 1964-இல் சிந்தசைசராகக் கனிந்தது. மின்னணுக் கலையில் புகுவோர்க்கும் சிறிய கருவியொன்றே நல்ல தொடக்கமாகும்.

வேண்டும் பொருள்கள்

40106 எனும் எண்ணுடைய, பதினான்கு கால்கள் கொண்ட சில்லு ஒன்று. 9 வோல்ட் மின்கலம் ஒன்று. வானொலியின் ஒலிக்குமிழ் போன்ற 100 கிலோ ஓம் மாறுதடை ஒன்று. சில மின்தடைகள், மின்தேக்கிகள். பற்றவைக்காமலே உறுப்புகளைச் செருகி இணைக்கும் துளைப்பலகை. இவை போதும். வீட்டு மின்சாரத்தை இதனோடு இணைத்தல் கூடாது. அது உயிருக்குக் கேடு.

இணைக்கும் முறை

சில்லின் 14-ஆம் காலை மின்கலத்தின் நேர்முனையோடும், 7-ஆம் காலை எதிர்முனையோடும் இணைத்தல் வேண்டும். 1-ஆம் காலுக்கும் எதிர்முனைக்கும் இடையே 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கியை வைத்து, 2-ஆம் காலிலிருந்து 1-ஆம் காலுக்கு, 10 கிலோ ஓம் மின்தடையையும் மாறுதடையையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்க வேண்டும். மாறுதடையில் நடுக்காலும் ஓர் ஓரக்காலும் போதும். பயன்படாத 3, 5, 9, 11, 13 ஆகிய கால்களை எதிர்முனையோடு சேர்த்துவிட வேண்டும்; வெறுமனே விட்டால் சில்லு தடுமாறும்.

2-ஆம் காலில் எழும் அலை பெருக்கிக்கு மிகை. ஆதலால் அங்கிருந்து 100 கிலோ ஓம் தடையும், அதன் மறுமுனையிலிருந்து எதிர்முனைக்கு 10 கிலோ ஓம் தடையும் இட்டால், அலை பதினொன்றில் ஒரு பங்காகும். இரு தடைகளும் கூடும் இடத்திலிருந்து 1 மைக்ரோபாரட் மின்தேக்கி வழியாக, மின்கலத்தில் இயங்கும் சிறு பெருக்கிக்குச் செலுத்தலாம். பெருக்கியின் மற்றக் கம்பி எதிர்முனையைச் சேரும்.

ஒலி பிறப்பது எவ்வாறு?

மின்தேக்கி ஒரு குடம். மின்தடை அதற்கு நீர்விடும் குழாய். குடம் ஓரளவு நிரம்பியதும் சில்லு அதை வடியவிடும். ஓரளவு வடிந்ததும் மீண்டும் நிரப்பும். இச்சுழற்சியே அதிர்வு. குழாய் குறுகினால், அதாவது தடை மிகுந்தால், சுழற்சி மெதுவாகிச் சுருதி தாழும். மொத்தத் தடையை 20 கிலோ ஓமிலிருந்து 40 ஆக்கினால் அதிர்வு பாதியாகி, அதே சுரம் ஒரு மண்டிலம் கீழே ஒலிக்கும். மெலிவு, சமன், வலிவு எனப் பழந்தமிழர் பகுத்தவற்றின் கணக்கும் இதுவே: ஒவ்வொன்றும் முன்னதன் இருமடங்கு.

0.1-க்கு மாற்றாக 10 மைக்ரோபாரட் மின்தேக்கியை, அதன் எதிர்க்கால் எதிர்முனையில் அமையுமாறு வைத்துக் குமிழைத் தடை மிகும் பக்கம் திருப்பினால், சுரம் மறைந்து தனித்தனித் தட்டுகள் கேட்கும். தாளமும் சுருதியும் வேறல்ல, வேகத்தால் மட்டுமே வேறுபடுவன என்பதைக் காதே உணரும்.

இனிமை சேர்த்தல்

இங்கு எழுவது சதுர அலை. அடிப்படை ஒலியோடு அதன் மூன்று, ஐந்து, ஏழு மடங்கு அதிர்வுகளும் அதில் கலந்திருக்கும். 2-ஆம் காலுக்கும் 100 கிலோ ஓம் தடைக்கும் இடையே 10 கிலோ ஓம் தடையொன்றைச் சேர்த்து, அவ்விரண்டும் கூடும் இடத்திலிருந்து எதிர்முனைக்கு 0.01 மைக்ரோபாரட் மின்தேக்கியை இட்டால், விநாடிக்குச் சுமார் 1600-க்கு மேற்பட்ட அதிர்வுகள் மெலிந்து குரல் மென்மையுறும். இதுவே வடிப்பி. இப்பணியை மிகத் திறம்படச் செய்த தம் வடிப்பிக்கு மோக் 1969-இல் காப்புரிமை பெற்றார்.

சிறு கருவியில் சுருதியை மாற்றுவது கை. மோக்கின் கருவியில் மின்னழுத்தம். ஒரு வோல்ட் ஏறினால் சுருதி ஒரு மண்டிலம் ஏறும். அடுத்துக் கற்க வேண்டிய படி அதுவே.

முதல் முயற்சியில் கருவி ஊமையாக இருப்பதும் உண்டு. மின்கலம், 14, 7 ஆகிய கால்கள், மின்தேக்கி என வரிசையாக ஆராய்ந்து பிழை காண்பவர் மின்னியலின் முதற்பாடத்தைக் கற்றுவிடுகிறார். அதிர்வெண் என்ற சொல்லை மனப்பாடம் செய்த மாணவன், குமிழைத் தானே திருப்பிக் கேட்கும்போதுதான் அதன் பொருளை அறிகிறான்.