டாப் கியர்: பார்வையாளர்கள் என்ன சொன்னார்கள்?

டாப் கியர் என்பது பிரித்தானியாவின் பிபிசி நிறுவனம் 1977 முதல் ஒளிபரப்பிய மோட்டார் வாகன நிகழ்ச்சி ஆகும். 2001 இறுதியில் நிறுத்தப்பட்ட இந்நிகழ்ச்சி, 2002 அக்டோபரில் புதிய வடிவில் மீண்டும் தொடங்கி 2022 வரை நீடித்தது. உலகில் மிக அதிகமான நாடுகளில் பார்க்கப்பட்ட, கதை அல்லாத தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் இடம்பெற்றது.

இந்நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை எண்ணிச் சொல்லிவிடலாம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது வேறு கேள்வி. ஒரே நிகழ்ச்சியை ஒருவர் கார் வாங்க ஆலோசனை கேட்கவும், இன்னொருவர் வயிறு குலுங்கச் சிரிக்கவும் பார்த்தார்கள். வேறு சிலர் அதைப் பார்த்து மனம் புண்பட்டுப் புகார் எழுதினார்கள்.

பார்வையாளருக்கு ஏன் இத்தனை உரிமை?

பிபிசி தன் நாட்டில் விளம்பரம் ஒளிபரப்புவதில்லை. தொலைக்காட்சி பார்க்கும் ஒவ்வொரு வீடும் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். 2015இல் அது 145.50 பவுண்டு. இந்தியாவிலும் வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலம் ஒன்று இருந்தது. மூத்தவர்களுக்கு அது நினைவிருக்கும். காசு கொடுப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு என்ற எண்ணம் பிரித்தானியப் பார்வையாளரிடம் வலுவாக உண்டு. பார்வையாளர் கடிதங்களுக்கென்றே பிபிசி 1961இல் ஒரு தனி நிகழ்ச்சியைத் தொடங்கியது.

எண்ணிக்கையைத் தவிர, பார்த்தவர்களிடம் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டு அதன் சராசரியை நூற்றுக்கு மாற்றிச் சொல்லும் முறையும் அங்கே உண்டு. இலட்சக்கணக்கானோர் பார்த்த நிகழ்ச்சி குறைந்த மதிப்பெண் பெறலாம்; சிலரே பார்த்தது உயர்ந்த மதிப்பெண் பெறலாம். இதற்கும் மேலாக, முறையான புகார்களை விசாரிக்க ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. டாப் கியர் இவை எல்லாவற்றிலும் அடிக்கடி அடிபட்ட பெயர்.

கார் வாங்குபவருக்கான நிகழ்ச்சி

தொடக்கத்தில் டாப் கியர் பர்மிங்காமிலிருந்து ஒரு வட்டாரத்துக்கு மட்டும் ஒளிபரப்பான, அடக்கமான அரை மணி நேர நிகழ்ச்சி. செய்தி வாசிப்பாளர் ஏஞ்சலா ரிப்பன் அதைத் தொகுத்து வழங்கினார். எரிபொருள் செலவு, சாலைப் பாதுகாப்பு, புதிய கார்களின் நிறை குறை ஆகியவையே பொருள். 1978இல் நாடு முழுவதற்கும் வந்தது. பழைய கார் வாங்குவது பற்றிக் குவென்டின் வில்சனும், வண்டி ஓட்டும் விதம் பற்றிப் பந்தய வீரர் டிஃப் நீடெல்லும் பிற்காலத்தில் பேசினார்கள்.

1988இல் சேர்ந்த ஜெரமி கிளார்க்சன் இந்தப் பாணியை மாற்றத் தொடங்கினார். பிடிக்காத காரைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதைத் துணிச்சல் என்று ஒரு பகுதிப் பார்வையாளர்கள் கொண்டாடினார்கள். கதவின் இடைவெளியையும் டிக்கியின் கொள்ளளவையும் அறிய வந்த மற்றொரு பகுதியினருக்கு அது பிடிக்கவில்லை. அவர் 1999இல் விலகியபின் நிகழ்ச்சியின் கவர்ச்சி குறைந்தது. 2001இல் பிபிசி அதை நிறுத்தியதும், பழைய தொகுப்பாளர்கள் சிலர் சேனல் 5 என்ற அலைவரிசையில் ஃபிஃப்த் கியர் என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். கார் பற்றிய தகவல் மட்டும் வேண்டும் என்றவர்களில் பலர் அங்கே போனார்கள்.

2002க்குப் பின்

கிளார்க்சனும் தயாரிப்பாளர் ஆன்டி வில்மனும் சேர்ந்து அமைத்த புதிய டாப் கியர், சர்ரே மாவட்டத்தில் உள்ள டன்ஸ்ஃபோல்டு விமான தளத்தில் படமாக்கப்பட்டது. ரிச்சர்ட் ஹாமண்ட் தொடக்கத்திலேயே இருந்தார். ஜேம்ஸ் மே அடுத்த ஆண்டு சேர்ந்தார். முகம் காட்டாத, பேசாத, வெள்ளை உடையணிந்த ஸ்டிக் என்ற ஓட்டுநர் கார்களை ஓட்டி நேரம் பதிந்தார். புகழ்பெற்றவர்கள் விலை குறைந்த சுசுகி லியானா காரில் ஓடுதளத்தைச் சுற்றி வந்தார்கள்.

கார் பற்றி எதுவும் தெரியாதவர்களும் இந்த வடிவத்தை விரும்பிப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்ளும் மூன்று நடுத்தர வயது நண்பர்கள், ஓடாத வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் அவர்களுக்குப் பிடித்தது. 2007இல் போட்ஸ்வானாவைக் கடந்த பயணத்தில் ஹாமண்ட் ஓட்டிய பழைய ஓப்பல் கடெட் காருக்கு ஆலிவர் என்று பெயர் வைத்தார். ஆற்றில் மூழ்கியும் அது பிழைத்தது. பயணம் முடிந்ததும் அதைக் கப்பலில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுபோனார். பார்வையாளர்கள் அந்தக் காரை ஒரு கதாபாத்திரமாகவே நினைத்தார்கள். 2003இல் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியைக் கடலில் விட்டு, தீ வைத்து, இடிக்கப்படும் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் நிறுத்தி விழச் செய்தார்கள். அதன்பிறகும் எஞ்சின் இயங்கியது. எந்த விளம்பரத்துக்குக் காசு கொடுத்தாலும் அந்நிறுவனத்துக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்திருக்காது.

எதிர்ப்பும் இருந்தது. எளிய குடும்பம் வாங்கக்கூடிய காரைப் பற்றிப் பேசாமல் ஃபெராரியையும் லம்போர்கினியையும் புகையெழுப்பிச் சுற்றுவதால் யாருக்கு என்ன பயன் என்று பழைய பார்வையாளர்கள் கேட்டார்கள். வேகத்தைப் போற்றுவது இளைஞர்களைக் கெடுக்கும் என்று சாலைப் பாதுகாப்பு ஆர்வலர்களும், புகை மாசைக் கேலிப்பொருளாக்குகிறார்கள் என்று சூழல் ஆர்வலர்களும் குறை சொன்னார்கள்.

"நியாயமான பார்வையாளர்" யார்?

இந்நிகழ்ச்சியில் காட்டப்படுவது உண்மையா, எழுதி வைத்து நடிப்பதா என்ற சந்தேகம் பார்வையாளர்களிடையே நெடுநாள் இருந்தது. அது நீதிமன்றம் வரை போனது.

2008 டிசம்பரில் டெஸ்லா ரோட்ஸ்டர் என்ற மின்சாரக் காரை டாப் கியர் சோதித்தது. ஏறத்தாழ 200 மைல் ஓடும் என்று நிறுவனம் சொன்ன கார், தங்கள் ஓடுதளத்தில் 55 மைலில் மின்சாரம் தீர்ந்துவிடும் என்று கணக்கிட்டதாகக் கிளார்க்சன் சொன்னார். அதைத் தொடர்ந்து ஆட்கள் காரைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போகும் காட்சி வந்தது. உண்மையில் காரில் மின்சாரம் தீரவே இல்லை என்றது டெஸ்லா. 2011இல் அவதூறு வழக்குத் தொடர்ந்தது.

வழக்கின் மையக் கேள்வி, இக்காட்சியைப் பார்க்கும் நியாயமான பார்வையாளர் ஒருவர் என்ன புரிந்துகொள்வார் என்பதே. பந்தய ஓடுதளத்தில் மிகக் கடுமையாக ஓட்டும்போது கிடைக்கும் தூரமும் சாதாரணச் சாலையில் கிடைக்கும் தூரமும் வேறு என்பது அப்படிப்பட்டவருக்குத் தெரிந்தே இருக்கும் என்று உயர் நீதிமன்றம் கருதியது. டெஸ்லாவின் மேல்முறையீடும் 2013இல் தள்ளுபடியானது. சட்டப்படி நிகழ்ச்சி வென்றது. ஆனால் மின்சாரக் கார் வழியில் நின்றுவிடும் என்ற எண்ணத்தோடு அன்றிரவு படுக்கப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த நீதிமன்றமும் எண்ணிச் சொல்ல முடியாது. தள்ளிக்கொண்டு போகும் காட்சி ஒன்று போதும். அதன்பின் சொல்லப்படும் எண்கள் மனதில் நிற்பதில்லை.

சிரித்தவர்களும் புண்பட்டவர்களும்

2011 தொடக்கத்தில் ஒரு மெக்சிகோ காரைப் பற்றிப் பேசும்போது அந்நாட்டு மக்களையே சோம்பேறிகள் என்ற பொருளில் கேலி செய்தார்கள். இலண்டனில் இருந்த மெக்சிகோ தூதர் எதிர்ப்புத் தெரிவித்தார். தூதரைப் பற்றிச் சொன்னதற்குப் பிபிசி மன்னிப்புக் கேட்டது. ஆனால் நாட்டு மக்களைப் பற்றிய கேலி பிரித்தானிய நகைச்சுவையின் ஒரு பகுதி என்று சமாதானமும் சொன்னது.

அதே ஆண்டு டிசம்பரில் இந்தியப் பயணச் சிறப்புப் பகுதி வந்தது. மூவரும் ஒரு ஜாகுவார், ஒரு ரோல்ஸ்-ராய்ஸ், ஒரு மினி ஆகிய பழைய பிரித்தானியக் கார்களில் மும்பையிலிருந்து இமயமலை வரை சென்றார்கள். மும்பையின் டப்பாவாலாக்களோடு போட்டியிட்டு, சாப்பாட்டு டப்பாக்களைக் காரில் கொண்டுபோய்க் கொடுக்க முயன்று தோற்றார்கள். அதைப் பார்த்துச் சிரிக்காத இந்தியர் குறைவு. ஆனால் கிளார்க்சன் தன் காரின் பின்புறம் ஒரு கழிப்பறையைப் பொருத்தி, இந்தியா வருபவர்களுக்கு இது தேவை என்ற பொருளில் பேசியது வேறு. இந்தியத் தூதரகம் பிபிசிக்குப் புகார் அனுப்பியது. டப்பாவாலா காட்சியில் கேலிக்கு ஆளானவர்கள் வந்த விருந்தாளிகள்; கழிப்பறைக் காட்சியில் கேலிக்கு ஆளானவர்கள் விருந்தளித்தவர்கள். ஒரே நிகழ்ச்சியின் இரு காட்சிகளைப் பார்வையாளர்கள் வெவ்வேறாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுவே.

2014இல் பர்மா பயணப் பகுதியில், ஆசியரை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல்லைச் சிலேடையாகப் பயன்படுத்தியது விதிமீறல் என்று ஆஃப்காம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அர்ஜென்டினாவில் அவர்கள் ஓட்டிய காரின் பதிவெண் 1982 ஃபாக்லாந்து போரை நினைவூட்டியதாக அந்நாட்டினர் கொதித்தெழுந்தார்கள். அது தற்செயல் என்று குழுவினர் கூறினர். கல்வீச்சுக்கு நடுவே சிலிக்குத் தப்பிச் சென்றனர்.

பத்து இலட்சம் கையொப்பங்கள்

2015 மார்ச்சில், படப்பிடிப்பு முடிந்து விடுதிக்குத் திரும்பியபோது சூடான உணவு கிடைக்கவில்லை என்று கிளார்க்சன் தயாரிப்பாளர் ஒருவரை வசைபாடித் தாக்கினார். தயாரிப்பாளர் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. பிபிசி கிளார்க்சனை இடைநீக்கம் செய்தது. அவரைத் திரும்பச் சேர்க்கக் கோரிய இணைய மனுவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். ஸ்டிக் போல உடையணிந்த ஒருவர் பீரங்கி வண்டியில் ஏறி வந்து அம்மனுவைப் பிபிசி அலுவலகத்தில் ஒப்படைத்தார்.

டாப் கியரின் வரலாற்றில் பார்வையாளர் கருத்து இத்தனை உரக்க ஒலித்ததில்லை. ஆனால் கையொப்பமிட்டவர்கள் பேசியது தங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சியைப் பற்றி. பிபிசி முடிவு செய்ய வேண்டியிருந்ததோ, வேலை செய்யும் இடத்தில் அடிவாங்கிய ஓர் ஊழியரைப் பற்றி. மார்ச் 25 அன்று, கிளார்க்சனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று தலைமை இயக்குநர் டோனி ஹால் அறிவித்தார். ஆத்திரமடைந்த இரசிகர்கள் சிலர் அடிபட்டவரையே இணையத்தில் ஏசினார்கள். அவர்மேல் தவறில்லை, விட்டுவிடுங்கள் என்று கிளார்க்சனே சொல்ல வேண்டியிருந்தது. மறு ஆண்டு, மன்னிப்போடும் இழப்பீட்டோடும் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது.

பெயர் அதே, ஆட்கள் வேறு

ஹாமண்டும் மேயும் கிளார்க்சனோடு வெளியேறினார்கள். மூவரும் அமேசானில் த கிராண்ட் டூர் என்ற நிகழ்ச்சியை 2016 முதல் 2024 வரை நடத்தினார்கள். பிபிசி, கிறிஸ் எவன்ஸையும் அமெரிக்க நடிகர் மேட் லெபிளாங்கையும் கொண்டு 2016 மே மாதம் டாப் கியரைத் தொடர்ந்தது. முதல் பகுதியை அன்றிரவு பார்த்தவர்கள் சுமார் 44 இலட்சம். அந்தத் தொடரின் கடைசிப் பகுதிக்கு அது சுமார் 19 இலட்சமாகச் சரிந்தது. பிறகு பதிவு செய்து பார்ப்பவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று எவன்ஸ் வாதிட்டார். வாதம் நியாயமானதே, சரிவு நிற்கவில்லை. ஒரே தொடரோடு அவர் விலகினார்.

எவன்ஸ் சத்தமாகக் கத்துகிறார் என்பது பலரின் குறை. அதைவிட ஆழமான குறை, ஒருவரோடொருவர் பழக்கமில்லாதவர்கள் பழைய நண்பர்களைப் போல நடிக்கிறார்கள் என்பது. ஓடுதளம், ஸ்டிக், முகப்பு இசை எல்லாம் அப்படியே இருந்தன. காரை நன்கு அறிந்து பேசிய கிறிஸ் ஹாரிஸை மட்டும் பார்வையாளர்கள் விரைவில் ஏற்றுக்கொண்டார்கள். 2019இல் நகைச்சுவையாளர் பேடி மெக்கின்னஸும் முன்னாள் கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ ஃப்ளின்டாஃபும் ஹாரிஸுடன் சேர்ந்தபோது நிகழ்ச்சி மீண்டும் உயிர்பெற்றது. பழையவர்களைப் போலச் செய்ய அவர்கள் முயலவில்லை. மறு ஆண்டு அது பிபிசியின் முதன்மை அலைவரிசைக்கே மாறியது.

விபத்துகள்

2006 செப்டம்பரில் ஜெட் எஞ்சின் பொருத்திய வண்டியை மணிக்கு சுமார் 463 கி.மீ. வேகத்தில் ஓட்டியபோது சக்கரம் வெடித்து, ஹாமண்டுக்கு மூளையில் பலத்த காயம் ஏற்பட்டது. நாடே அவருக்காகக் கவலைப்பட்டது. 2007 சனவரியில் அவர் திரும்பி வந்த பகுதியைச் சுமார் 80 இலட்சம் பேர் பார்த்தார்கள். விபத்துக் காட்சியும் அதில் காட்டப்பட்டது.

2022 டிசம்பரில் டன்ஸ்ஃபோல்டில் மூன்று சக்கர மோர்கன் காரை ஓட்டிய ஃப்ளின்டாஃபுக்கு முகத்திலும் விலா எலும்புகளிலும் கடும் காயம் ஏற்பட்டது. இம்முறை காட்சி எதுவும் ஒளிபரப்பாகவில்லை. பிபிசி மன்னிப்புக் கேட்டு அத்தொடரின் தயாரிப்பை நிறுத்தியது. அவருக்கு 90 இலட்சம் பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. 2023 நவம்பரில், பிரித்தானியாவில் டாப் கியர் காலவரையின்றி ஓய்வு பெறுகிறது என்று அறிவிப்பு வந்தது.

அந்த அறிவிப்பை எதிர்த்து யாரும் பீரங்கி வண்டியில் வரவில்லை. பழைய பகுதிகளின் மறுஒளிபரப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் வருந்தினார்கள். வருந்தியவர்களிலேயே பலர் முடிவு சரிதான் என்றும் சொன்னார்கள். யாராவது ஒருவர் பெரும் விபத்தில் சிக்குவார் என்று தான் முன்கூட்டியே எச்சரித்ததாகக் கிறிஸ் ஹாரிஸ் 2024இல் தெரிவித்தார். விபத்துக்குப் பின் பாதுகாப்பு ஏற்பாடுகள் குறித்து நடத்தப்பட்ட ஆய்வின் முழு அறிக்கையைப் பிபிசி பார்வையாளர்களுக்கு வெளியிடவில்லை.