எருக்கஞ்செடியின் வாடிக்கையாளர்கள்

முதுமலைக்குப் போய் ஜீப்பில் சுற்றியும் நாலு மானைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை என்று குறைப்படுகிறவர்களிடம் நான் வேறு ஊரைச் சிபாரிசு செய்வதில்லை. டீயைக் குடியுங்கள், இந்தக் கடைக்குப் பின்னால் தரிசில் நிற்கிற எருக்கஞ்செடி வரைக்கும் போய்வருவோம் என்பேன்.

விநாயகர் சதுர்த்திக்கு மாலை. மற்ற நாளில் எருக்கை யார் சீண்டுகிறார்கள்? இலையைக் கிள்ளினால் பால் பொங்கிவரும். இதயத்துடிப்பையே குலைக்கக்கூடிய நஞ்சு அதில் இருக்கிறது. கண்ணில் தெறித்தால் பெரிய வம்பு, ஆகவே கிள்ளிப் பார்க்கும் ஆசை வேண்டாம். ஆடுமாடுகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவதால்தான் மேய்ச்சல் நிலத்திலும் அது பாட்டுக்குத் தழைத்து நிற்கிறது.

இலைகளை மெல்லப் புரட்டிப் பாருங்கள். கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையம் போட்ட புழு ஒன்று, முதுகில் மூன்று ஜோடி மெல்லிய கொம்புகளோடு அகப்படலாம். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. அது சாப்பிடுகிற முறையைத்தான் பார்க்க வேண்டும். எடுத்ததும் இலையைக் கடிக்காது. முதலில் நரம்பைக் கடித்துவிட்டுக் காத்திருக்கும். பால் அந்த வெட்டில் ஒழுகி வடிந்துபோகும். மேல்மடையில் கரையை உடைத்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாதல்லவா, அதே கணக்கு. பிறகு வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதியை நிதானமாகத் தின்னும். புழு பயப்படுவது வாயை ஒட்டவைக்கும் அந்தப் பிசினுக்குத்தான். நஞ்சு அதற்கு வேண்டியிருக்கிறது. உடம்பில் சேர்த்துவைத்து, கூட்டுக்குள் போய் இறக்கையோடு வெளியே வந்த பிறகும் சுமந்துகொண்டு திரியும்.

ஆரஞ்சு இறக்கை, கருப்பு விளிம்பு, முனையில் வெள்ளைத் திட்டு. ஒருதடவை விழுங்கி வாந்தியெடுத்த பறவை, மறுதடவை அந்த நிறத்தைக் கண்டாலே விலகும். வெந்தய வரியன் அவசரமே இல்லாமல் தாழப் பறக்கிறதே, அந்தத் தைரியம் இங்கிருந்து வந்ததுதான். இதில் ஒரு போலியும் உண்டு. நஞ்சே இல்லாத, பருப்புக்கீரை தின்று வளர்கிற இன்னொரு இனத்தின் பெண், அச்சு அசலாக இதே வேஷத்தில் பறக்கும். பின்னிறக்கையின் நடுவே மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் அசல். போலிக்கு அந்த நடுப்புள்ளிகள் இராது. பறவைக்கு எண்ணிப் பார்க்க நேரமேது!

பூவிலும் ஒரு வேலை நடக்கிறது. எருக்கம்பூவில் மகரந்தம் தூளாக உதிராது. இரண்டு சிறு பொட்டலங்களாக, நடுவே ஒரு பழுப்புக் கவ்வியோடு பூவின் இடுக்கில் செருகியிருக்கும். மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கிற கருவண்டு தேனுக்கு வரும்போது கால் அந்த இடுக்கில் வழுக்கி விழும். இழுத்தெடுக்கத் தெம்பு வேண்டும், கருவண்டிடம் அது நிறைய. காலோடு பொட்டலமும் வரும், அடுத்த பூவில் போய்ச் சேரும்.

மஞ்சள் அசுவினி, அதைத் தின்ன வரும் பொறிவண்டு எல்லாம் தண்டின் நுனியிலேயே கிடைக்கும். மஞ்சளும் நீலமும் வரியிட்ட வெட்டுக்கிளியைக் கண்டால் பிடிக்காதீர்கள். அரைவளர்த்திக் குஞ்சை லேசாக அழுத்தினாலே திரவத்தைப் பீச்சியடிக்கும்.

ஆண் வரியனைத் தேடுகிறீர்களென்றால் பக்கத்தில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடி இருக்கிறதா என்று பாருங்கள். பூவே இல்லாத அந்தச் சருகில் உட்கார்ந்து சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெண்ணை மயக்கும் வாசனையைத் தயாரிக்க அதற்கு வேண்டிய சரக்கு அங்கேதான் கிடைக்கிறது.